பழைய டீசல் பிக்கப்பில் நாக்கிங்: நாசிலைக் கட் பண்ணிப் பார்ப்பதா, ஆயில் சேம்பரை இறக்குவதா?

பொலிரோ பிக்கப், டாடா 207 போன்ற வண்டிகளின் பழைய, மெக்கானிக்கல் பம்ப் வைத்த மாடல்களில் 'டொக் டொக்' என்று கேட்டதுமே இஞ்சினை இறக்கச் சொல்லிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். ஒழுகும் நாசிலும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) அப்படித்தான் தட்டும், தேய்ந்த பிக் எண்ட் பேரிங்கும் (பிஸ்டன் ராடு கிராங்கோடு சேரும் இடத்துப் பேரிங்) அப்படித்தான் தட்டும். செலவில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நீள ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்பதற்குக் காசு செலவில்லை. ஆனால் பிளாக் முழுக்கச் சத்தம் பரவுவதால் இடம் ஏமாற்றும். குளிர்ந்த இஞ்சினில் தட்டி, சூடேறியதும் அடங்கினால் பெரும்பாலும் பிஸ்டன் ஆட்டம். அதோடு கொஞ்ச நாள் ஓட்டலாம். இதற்கு மேல் காதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

முதலில் செய்ய வேண்டியது கட் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டராக டீசலை நிறுத்திப் பார்ப்பது. ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, இஞ்சினைச் சூடாக்கி ஐடிலில் விடுங்கள். ஒவ்வொரு நாசிலாக, பைப் நட்டை ஒரு சுற்றுக்குள் தளர்த்தி, சத்தத்தைக் கவனித்து, மறுபடி இறுக்குங்கள். நட்டின் மேல் துணி போடுங்கள், கண்ணாடி அணியுங்கள், கையை எதிரே வைக்காதீர்கள்: பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காமன் ரெயில் வண்டியில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) இதைச் செய்யவே கூடாது; அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். அங்கே ஸ்கேனரில்தான் சிலிண்டரைக் கட் பண்ண வேண்டும்.

ஒரு சிலிண்டரைக் கட் பண்ணும்போது சத்தம் தணிந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில். எதிலுமே மாற்றமில்லையா? மேலே லேசாகத் தட்டினால் டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்), கீழே கனமாக, லோடில் அதிகமாகத் தட்டினால் மெயின் பேரிங் (கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் பேரிங்) சந்தேகம்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த படியில். நாசில் கோளாறிலும் பிக் எண்டிலும் கட் பண்ணினால் சத்தம் தணியும். எனவே அந்த நாசிலைப் பக்கத்துச் சிலிண்டர் நாசிலோடு இடம் மாற்றுங்கள். செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். பழையதைப் போட்டால் கம்ப்ரஷன் ஒழுகி வேறொரு சத்தம் கிளம்பும். சத்தமும் கூடவே இடம் மாறினால் நாசில்தான், பம்ப் கடையில் டெஸ்ட் பண்ணி மாற்றினால் போதும். அதே சிலிண்டரிலேயே இருந்தால் பேரிங், பிஸ்டன், பிஸ்டன் பின் என்று கீழே பார்க்க வேண்டும்.

ஆயில் பிரஷர் கேஜ் இரண்டாம் சாட்சி மட்டுமே. சூடான ஐடிலில் 10 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் பேரிங் தேய்வைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஒரே ஒரு பிக் எண்ட் போயிருந்தால் பிரஷர் நன்றாகவே காட்டக்கூடும். அதைவிட ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்துப் பார்ப்பது மேல். காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறத் தூள் இருந்தால் பேரிங் ஷெல் (பேரிங்கின் மெல்லிய அரைவட்டத் தகடு) கரைகிறது.

அப்போதுதான் ஆயில் சேம்பரை (இஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறக்க வேண்டும். அந்தப் பிஸ்டன் அடிப்புள்ளியில் (கீழே வரும் எல்லையில்) இருக்க, ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. மேல்-கீழ் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது, ராடு முறிந்து பிளாக்கை உடைக்கும். கேப்பை (ராடின் கீழ்முனையை மூடும் பாதி) கழற்றும் முன் எண்ணும் திசையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைக் குறைக்கக் கேப்பை ராவிப் போடுவது வேண்டவே வேண்டாம், துளை வட்டம் கெட்டுவிடும். ஜர்னலில் (கிராங்கில் பேரிங் உட்காரும் இடம்) நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் புது ஷெல் மட்டும் நிற்காது, கிராங்கை 0.25 மி.மீ. கிரைண்ட் பண்ணி, அதற்கேற்ற அண்டர் சைஸ் ஷெல் போட வேண்டும்.