‘ஆல்-நைட்டர்’, ‘மிட்நைட் ஆயில்’: எதை எங்கே சொல்வது?

அமெரிக்கக் கல்லூரியில் சேரும் நம் மாணவர்கள் பலர், கண்விழித்துப் படித்ததைச் சொல்ல ‘புல் அன் ஆல்-நைட்டர்’, ‘பர்ன் தி மிட்நைட் ஆயில்’ ஆகிய இரண்டில் எதைக் கையாள்வது என்று தடுமாறுகிறார்கள்.

பொருள்: முன்னது விடிய விடியக் கண்ணயராமல் இருந்ததை மட்டுமே குறிக்கும், இரண்டு மணிக்குப் படுத்துவிட்டவருக்கு அது பொருந்தாது. பின்னது நள்ளிரவு தாண்டி உழைப்பதைக் குறிப்பதால், வாரக்கணக்கில் நீளும் உழைப்புக்கும் பொருந்தும்.

தொனி: முன்னது அமெரிக்க மாணவர்களின் பேச்சுவழக்கு. பின்னதோ எண்ணெய் விளக்கொளியில் படித்த காலத்தது. 1635-இல் வெளியான ஆங்கிலக் கவிஞர் பிரான்சிஸ் குவார்ல்ஸின் கவிதையிலேயே ‘மிட்நைட் ஆயில்’ வந்துவிட்டதால், அதை அமெரிக்கக் கொச்சை என்பது பிழை.

இடம்: இறுதித் தேர்வு வாரத்தில், சிவந்த கண்களும் கையில் காபியுமாகக் காலை வகுப்புக்கு வருபவர் நண்பரிடம் ‘ஐ புல்ட் அன் ஆல்-நைட்டர்’ என்பதே இயல்பு. பேராசிரியரிடம் அதையே சொன்னால், கடைசி நேரம்வரை பாடத்தைத் தள்ளிப்போட்டவர் என்ற எண்ணம் எழக்கூடும் என்பதால், அங்கே பின்னதே தகும். ஆனால் அது மிகவும் தேய்ந்த தொடராகையால், விண்ணப்பக் கட்டுரையில் இரண்டையும் தவிர்த்து, செய்த வேலையை நேரடியாக எழுதுவதே நல்லது.