காயில் கட்டுபவரா, பேராசிரியரா? மோட்டார் ஸ்டார்ட்டர் வடிவமைக்க யாரைக் கூட வைத்துக்கொள்வது

தோட்டத்து மோட்டாரை மொபைலில் இயக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றை வடிவமைக்கும் வேலை வந்தது. நாங்கள் கோவையில் ஒரு சின்னக் குழு. எலக்ட்ரானிக்ஸ் தெரியும், ஆப் எழுதத் தெரியும். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றுக்குள் தொங்கும் சப்மெர்சிபிள் மோட்டார் எதனால் எரிகிறது என்று மட்டும் தெரியாது. விஷயம் தெரிந்த ஒருவர் கூடவே வேண்டும்.

இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் கல்லூரியில் மின் இயந்திரங்கள் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர். இன்னொருவர் பல்லடம் பக்கம், எரிந்த மோட்டாருக்குக் காயில் (செம்புச் சுருள்) கட்டித் தரும் வைண்டிங் கடை நடத்துபவர். கடைக்காரரை முழு நேரத் துணையாகவும், பேராசிரியரைச் சில கட்டங்களுக்கு மட்டும் என்றும் வைத்துக்கொண்டோம். மறுபடி இப்படி ஒரு வேலை வந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

மேலோட்டமான வித்தியாசங்கள் எல்லோரும் ஊகிக்கக் கூடியவைதான். பேராசிரியர் சொன்ன நேரத்துக்கு வருவார், எழுத்தில் தருவார், ஐஎஸ் 8034, ஐஎஸ் 9283 என்று பம்புக்கும் மோட்டாருக்கும் உள்ள தர விதிகளை எடுத்து வைப்பார். கடைக்காரர் போனையே எடுக்க மாட்டார்.

பேராசிரியரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தில் அவர் இல்லாவிட்டால் பெட்டியே வீண். மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் (ஒரு முனை) போய்விட்டதா என்பதை வோல்டேஜை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், போன பேஸிலும் தானே ஒரு வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும், பெட்டி ஏமாந்துவிடும் என்றார். அதனால் கரண்டை அளப்பது என்று முடிவானது. இதைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். அவர் கைக்கு வருவது நின்றுபோன மோட்டார், ஓடும் மோட்டார் அல்ல.

ஆனால் பெட்டி வெளியே போன பிறகு நடப்பதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வடிவமைப்பு வரைபடத்தோடு முடிவதில்லை. பெட்டி இருந்தும் மோட்டார் எரிந்தால், அந்த மோட்டாரை மேலே தூக்கி எங்கே கொண்டுபோவார்கள்? எங்களிடம் அல்ல, பேராசிரியரிடமும் அல்ல. நேராக வைண்டிங் கடைக்குத்தான்.

சோதனைக்காகப் பொருத்திய பெட்டிகளில் செலவைக் குறைக்க இரண்டு வயரில் மட்டும் கரண்ட் அளக்கும் ஏற்பாடு. அப்படி ஒரு தோட்டத்தில் மோட்டார் எரிந்தது. ஓவர்லோடு, அதாவது அளவுக்கு மீறிய சுமை வந்தால் மோட்டாரை நிறுத்தும் செட்டிங்கைத் தோட்டத்துக்காரர் ஏற்றி வைத்திருந்தார். பெட்டியின் பதிவில் இரண்டு வயரிலும் ஒரே அளவு கூடுதல் கரண்ட். பார்த்தால் ஓவர்லோடு போலத்தான் இருக்கிறது, விஷயம் முடிந்தது என்று நினைக்கலாம். கடைக்காரர் பிரித்து வைத்த ஸ்டேட்டரை (சுருள்கள் இருக்கும் சுழலாத பாகம்) திருப்பிக் காட்டினார். “ஓவர்லோடு இல்லீங் தம்பி. ரெண்டு பேஸு கரியாட்டம் வெந்து கெடக்குது, மூணாவது பாருங்க, புதுசாட்டம் இருக்குது.”

ஓவர்லோடில் மூன்று பேஸின் சுருள்களும் ஏறக்குறைய சமமாகக் கருகும். சுருள்களை இணைப்பதில் ஸ்டார், டெல்டா என்று இரண்டு முறை உண்டு. ஸ்டார் இணைப்பில் ஒரு பேஸ் போனால் இரண்டு கருகி ஒன்று தப்பிக்கும். டெல்டாவில் தலைகீழ்: ஒன்று கருகும், இரண்டு தப்பிக்கும். நாங்கள் அளக்காத அந்த மூன்றாவது வயரில்தான் பேஸ் போயிருக்கிறது. மீதி இரண்டு வயரும் சேர்ந்து சுமையை இழுக்கும்போது கரண்ட் ஏறக்குறைய 1.7 மடங்கு வரை போகும், பதிவில் அது ஓவர்லோடு வேஷத்தில் நிற்கும். மூன்றாவது சென்சாரும் சேர்ந்தது. பேராசிரியரும் இதைச் சொல்லக் கூடியவர்தான், ஆனால் அந்த ஸ்டேட்டர் அவர் மேஜைக்கு வராது. கடைக்கு இதுபோல வந்துகொண்டே இருக்கும். அங்கே தகவல் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது.

இருவரும் முட்டிக்கொண்ட இடமும் உண்டு. மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் இரண்டு பேஸில் கண்டன்சர் போட்டு மோட்டாரை ஓட்டுவது நம் பக்கத் தோட்டங்களில் சர்வ சாதாரணம். பெட்டி அதை அனுமதிக்கவே கூடாது என்றார் பேராசிரியர். பாடப்படி அவர் சொல்வது சரி. அனுமதிக்காவிட்டால் பெட்டியைத் தாண்டி ஒரு வயரை வைத்து டைரக்ட் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் எந்தப் பாதுகாப்பும் இருக்காது என்றார் கடைக்காரர். இரண்டு பேஸுக்குத் தனி சுவிட்ச் வைத்தோம். அதில் ஓட்டினாலும் ஓவர்லோடு காவலும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் டிரைரன் காவலும் விழித்திருக்கும்.

“காயில் கட்டிப் பிழைக்கிறவரிடமே காயில் எரியாமல் இருக்க வழி கேட்கிறீர்களே?” என்று ஒரு நண்பர் சிரித்தார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் வெயில் காலத்தில் தலைக்கு மேல் வேலை கிடக்கும் கடை அது. பெட்டி பொருத்துவதும் ரிப்பேரும் அவருக்கே வரும். எதையும் மறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாக் கடைக்காரரும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

விவசாயியையே கேட்டால் போதாதா என்றால், ஆப்பில் எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும், அழைப்பு வர வேண்டுமா மெசேஜ் போதுமா என்பதற்கு அவரைத்தான் கேட்க வேண்டும். எரிந்த காரணத்துக்கு அல்ல. அவருக்குத் தெரிந்தது அவருடைய ஒரு கிணறு.

இதெல்லாம் பல்லடம், பொங்கலூர் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களை வைத்துச் சொல்வது. ஆற்றுப் பாசன மோட்டாருக்கோ ஆலை மோட்டாருக்கோ பொருந்துமா என்பதில் எனக்கு அனுபவம் போதாது. உயிர் சம்பந்தப்பட்ட மருத்துவக் கருவி மாதிரி வேலைக்கு இதே கணக்கைப் போடவே மாட்டேன், அங்கே புத்தகம் படித்தவர்தான் முதலில்.

கடைக்காரரைத் தேர்ந்தெடுத்தால் சில நடைமுறைகள். ஆபீசுக்குக் கூப்பிடாதீர்கள், கான்பரன்ஸ் அறையில் அவருக்குப் பேச்சே வராது. கடைக்குப் போய், அரைகுறையாகச் செய்த பெட்டியை மேஜையில் வையுங்கள். “என்ன வேணும்?” என்று கேட்டால் வராத பதில், தப்பான பொருளைக் கண்டதும் தானாக வரும். சித்திரை, வைகாசியில் போகவே வேண்டாம். மழை இறங்கி மோட்டார்கள் ஓய்ந்த பிறகு போங்கள். பணத்தை முதலிலேயே பேசுங்கள். “இதுக்கெல்லாம் காசு வாங்கறதுங்களா” என்பார், விடாதீர்கள். நாங்கள் மாதத்துக்கு ஒரு தொகையும், எரிந்த மோட்டாரைப் படம் எடுத்துக் காரணத்தோடு அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு தொகையும் தருகிறோம். படம் ஒழுங்காக வருகிறது, போனைத்தான் இன்னும் எடுப்பதில்லை.