பறவைக் குறிப்புத் தளமும் மூன்று மறுவடிவமைப்புகளும்

திருநெல்வேலிச் சுற்றுவட்டாரக் குளங்களில் நான் பார்க்கும் பறவைகளைப் பற்றிய குறிப்புகளை 2004 முதல் ஒரு சொந்த இணையதளத்தில் தொகுத்து வருகிறேன். கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் கூடு கட்டிய ஒரு பருவத்தில் பத்துப் பன்னிரண்டு பக்கங்களாகத் தொடங்கியது, இன்று நானூறு பக்கங்களைத் தாண்டியிருக்கிறது. நான் கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். தேவைக்கேற்ப அவ்வப்போது கற்றுக்கொண்டவன். இதற்குள் தளத்தை மூன்று முறை மாற்றியமைத்துவிட்டேன். கடைசி மாற்றம் 2019இல் நடந்தது. ஒரு கருவியை வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் பாராட்டுகளில் எனக்கு நம்பிக்கை இல்லாததால், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பழகிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதல் வடிவம் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் (எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறை) இருந்தது. எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டச்சு செய்வேன். முகப்புப் பக்கத்தின் தலையில் "எழுத்துரு தெரியாதவர்கள் இங்கே சொடுக்கிப் பதிவிறக்கவும்" என்ற வரி இருக்கும். அந்த வரியைப் பார்த்ததும் எத்தனை பேர் திரும்பிப் போனார்களோ! 2008இல், எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாறுவதென்று முடிவு செய்தபோது, அது வெறும் எழுத்து மாற்றீட்டு வேலை என்றே நினைத்தேன். ஆனால் திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகளைச் சேமிக்கிறது: "கெ" என்பதில் கொம்பு முன்னும் ககரம் பின்னும் இருக்கும். ஒருங்குறியிலோ ககரம் முதலிலும் கொம்பு அதன் பின்னரும் வர வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் ஐகாரக் குறியையும் இடம்மாற்ற வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய தொல்லை யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அனுப்பியிருந்த பக்கங்களில் காத்திருந்தது. அவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் எழுதுபவர். பாமினி, ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் இருக்கும் அதே இடங்களில் தமிழை அமர்த்தியிருப்பதால், அதில் அரைப்புள்ளிதான் தமிழ்ப் புள்ளி, காற்புள்ளிதான் இகரம். நான் பக்கத்தின் மூலத்தை முழுவதுமாகக் குறியேற்றம் மாற்றும் மென்பொருளில் ஒட்டினேன். பக்கத்தின் வடிவக் கட்டளைகள் அனைத்தும் சேர்ந்து தமிழாகிவிட்டன: திறப்புக் கோணக்குறிகள் ஈகாரமாயின, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் நடைத்தாளின் அரைப்புள்ளிகள் எல்லாம் தலைமேல் புள்ளிகளாக ஏறி நின்றன. அதன் பின்னரே, கட்டளைகளை விட்டுவிட்டு இடையிலுள்ள உரையை மட்டும் பிரித்தெடுத்து மாற்றும் சிறு நிரலைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதக் கற்றுக்கொண்டேன்.

அந்த நிரலிலும் ஒரு குறை ஒளிந்திருந்தது, பல ஆண்டுகள் கழித்தே அது தெரியவந்தது. "கொக்கு" என்று தேடினால் பாதிப் பக்கங்கள் மட்டுமே கிடைத்தன. ஒருங்குறியில் "கொ" என்பதில் ககரத்தை அடுத்து வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடும் மென்பொருள் இயல்பாக்கம் (இரு வடிவங்களையும் ஒன்றாக்குவது) செய்யாவிட்டால் இரண்டும் வேறு. என் நிரல் இரண்டாம் வகையையும், விசைப்பலகை முதல் வகையையும் தந்திருந்தன. எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை ஒருங்குறி இயல்பாக்கத்துக்கு உட்படுத்தியதும் கொக்குகள் ஒன்றுசேர்ந்தன. பழைய தளத்தை ஒருங்குறிக்கு மாற்ற நினைப்பவர்கள் வண்ணங்களைத் தேர்வு செய்வதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

இரண்டாம் மாற்றத்தில், 2012இல், தரவுத்தளத்துடன் இயங்கும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளுக்குப் போனேன். எழுதுவது எளிதாயிற்று என்பதை மறுக்கவில்லை. ஆனால் தளத்துக்கு இடம் வாடகைக்குத் தந்த நிறுவனம் ஒருநாள் வழங்கியை (சர்வரை) மாற்றியபோது தரவுத்தளத்தின் குறியேற்றம் தவறாக அமைந்து, தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறியது. அப்படி மாறிய உரையைத் திருப்பி எடுக்க வழியே இல்லை. என்னிடம் மூன்று மாதத்துக்கு முந்தைய காப்பு இருந்தது; நடுவில் எழுதிய பதினான்கு குறிப்புகள் போயின.

2019இல், தரவுத்தளம் இல்லாமல் உரைக்கோப்புகளிலிருந்தே பக்கங்களை உருவாக்கும் ஹியூகோ என்ற மென்பொருளுக்கு வந்ததற்கு அந்தப் பதினான்கு குறிப்புகளே காரணம். இப்போது ஒவ்வொரு குறிப்பும், தலைப்பு போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் மார்க்டவுன் முறையில் எழுதிய தனி உரைக்கோப்பு. நோட்பேட் பிளஸ் பிளஸ் கொண்டு எழுதுகிறேன், மாற்றங்களின் வரலாற்றைப் பேணும் கிட் மென்பொருள் மூலம் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கிறேன். நானூறு பக்கங்களும் என் பழைய மடிக்கணினியிலேயே ஓரிரு வினாடிகளில் உருவாகிவிடுகின்றன. நான் எடுத்துக்கொண்ட இலவச வார்ப்புரு, ஹியூகோவின் பிந்தைய பதிப்பு ஒன்றுடன் ஒத்துப்போகாமல் நின்றது உண்மைதான். ஹியூகோ ஒரே ஒரு செயலிக் கோப்பு என்பதால், வேலை செய்த பதிப்பைத் தளத்தின் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். புதுப்பிக்கும் ஆசையைத் தள்ளிப்போட அதுவே போதுமானதாக இருக்கிறது.

தோற்றத்தைப் பொறுத்தவரை, ஆயத்த வார்ப்புருக்கள் ரோமன் எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. மேற்கோள்களைச் சாய்வெழுத்தில் காட்டும் வழக்கம் அவற்றில் உண்டு; தமிழ் எழுத்துருவுக்குச் சாய்வு வடிவம் இல்லாதபோது உலாவி தானே எழுத்தைச் சாய்த்துத் தள்ளுகிறது, அது காற்றில் சாய்ந்த நாணல்போல் நிற்கிறது. சாய்வை நீக்கி, இடப்பக்கம் ஒரு கோடு போட்டேன். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை வரி உயரம் 1.8 வைத்துப் பயன்படுத்துகிறேன், 1.5இல் மேல்வரியின் உகரச் சுழிகளும் கீழ்வரியின் இகர விசிறிகளும் மோதிக்கொண்டன. இருபுறமும் சீராக்கும் அமைப்பைக் கைபேசித் திரைக்கு விலக்கினேன், ஏனெனில் நம் நீண்ட சொற்கள் ஒரு வரிக்கு இரண்டோ மூன்றோதான் பிடிக்கும், நடுவில் பெரும் பள்ளங்கள் விழும். பக்கங்களின் இணைய முகவரிகளில் தமிழ் வைக்கும் முயற்சியையும் கைவிட்டேன்: "தமிழ்" என்ற ஒரு சொல், நகலெடுத்து அனுப்பும்போது விழுக்காட்டுக் குறிகளுடன் 45 எழுத்துகளாக விரிகிறது.

அகரவரிசைப் பட்டியல்தான் அதிக நேரம் எடுத்தது. ஒருங்குறி எண்களின்படி அடுக்கினால் ளகரம் வகரத்துக்கு முன் வருவதால், கள்ளிப்புறா முதலிலும் கவுதாரி பின்னாலும் வந்தன. பள்ளியில் படித்த வரிசையில் கவுதாரிதான் முந்தி. ஜாவாஸ்கிரிப்டின் சொல் ஒப்பீட்டில் மொழி தமிழ் என்று குறிப்பிட்டதும் வரிசை சரியாயிற்று. அந்த ஒரே வரியைக் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

தேடல் மட்டும் இன்னும் எனக்கு நிறைவு தரவில்லை. "மரம்" என்று தேடுபவருக்கு "மரத்தில்" என்ற சொல் உள்ள பக்கம் கிடைப்பதில்லை, வேற்றுமை உருபு ஏறியதும் மகர ஒற்றுக் கெட்டு அத்துச் சாரியை வந்துவிடுகிறது அல்லவா. இப்போதைக்கு ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் குளம், மரம், வயல் போன்ற அடிச்சொற்களைக் கையால் எழுதி வைக்கிறேன். இதுவரை 260 கோப்புகள் முடிந்திருக்கின்றன.