பறவை பார்க்க எந்த இருக்கை? முக்காலி முதல் பெயின்ட் வாளி வரை

கோடியக்கரைச் சேற்றுவெளியில் உள்ளான்கள் என்னும் கரையோரப் பறவைகள் கிட்டே வரும்வரை இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். அதற்கு இருக்கை வாங்கும்போது கடையில் எல்லோரும் மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதன் கால்களை.

மடக்கு முக்காலியின் எடை முக்கால் கிலோதான். தோளில் மாட்டிக்கொண்டு எவ்வளவு தூரமும் நடக்கலாம். கெட்டித் தரையில் இதற்கு இணை இல்லை, மேடு பள்ளத்திலும் ஆடாது. சேற்றில் கதை வேறு. கால் முனை 25 மி.மீ. குழாய் என்றால் அதன் பரப்பு 5 சதுர செ.மீ. கூட வராது. 75 கிலோ ஆள் உட்கார்ந்தால் ஒரு காலுக்கு 25 கிலோ, அதாவது சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தம். மூன்றும் ஒரே அளவில் புதைந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்று மட்டும் இறங்கும், உடம்பு சாயும், கை ஊன்றுவீர்கள், பறவை பறந்துவிடும்.

மலிவான மருந்து பழைய டென்னிஸ் பந்து. பெருக்கல் குறிபோல 3 செ.மீ. கீறி ஒவ்வொரு காலிலும் செருகினால் அழுத்தம் முக்கால் கிலோ அளவுக்கு இறங்கும். கல்லில் பட்டாலும் சத்தம் வராது. கால் முனையின் ரப்பர் மூடி தேய்ந்திருந்தால் குழாய் விளிம்பு பந்தைக் கிழித்துவிடும், முதலில் மூடியை மாற்றுங்கள்.

முக்காலியில் முதலில் போவது துணி மூலைத் தையல். வெயிலில் துணிக்கு முன்னால் நூல் இற்றுப்போகும். மூலையை விரலால் இழுத்துப் பாருங்கள். ஊசித் துளைகள் நீண்டு தெரிந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து நைலான் நூலில் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். அடுத்தது நடு போல்ட். அது தளர்ந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் கிரீச்சிடும். நைலான் வாஷரும் நைலான் வளையமுள்ள நட்டும் போட்டால் தீரும்.

உயரத்தை ஆள் உட்கார்ந்த நிலையில் அளக்க வேண்டும். 40 செ.மீ. என்று எழுதியிருக்கும் துணி இருக்கை உட்கார்ந்ததும் நன்றாகத் தொய்ந்துவிடும். முழங்கால் இடுப்புக்கு மேலே போனால் முதுகு வளையும். முன்விளிம்புக் குழாய் தொடையின் அடியை அழுத்தினால் கால் மரத்துப்போகும். அந்தக் குழாயில் தண்ணீரை உறிஞ்சாத 10 மி.மீ. ஈவா ஃபோம் சுற்றிக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்பாஞ்சு பனியை உறிஞ்சி விடியற்காலையில் பின்பக்கத்தை நனைத்துவிடும்.

அமெரிக்காவில் வான்கோழி வேட்டைக்காரர்கள் உட்காரும் தாழ்நாற்காலிக்கு முதுகுச் சாய்வு உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் இந்தியாவில் வேட்டைக்குத் தடை. ஆனால் பறவையின் கண்மட்டத்தில் படமெடுக்க அந்த உயரம் அருமை. எடைதான் தொல்லை. வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்றால் மட்டும் எடுத்துப்போகலாம்.

அடுக்கடுக்காக விரியும் வட்ட பிளாஸ்டிக் ஸ்டூலை வாங்க வேண்டாம். வளையங்களின் பூட்டில் மணல் புகுந்தால் சரியாக மாட்டாது, விரிக்கும்போது வரும் 'டக் டக்' ஓசை ஒரு கூட்டத்தையே கிளப்பிவிடும்.

சேற்றுக்கு என் தேர்வு 20 லிட்டர் பெயின்ட் வாளி. உயரம் சுமார் 37 செ.மீ., அடிவட்டம் சுமார் 26 செ.மீ. அதே 75 கிலோவுக்குச் சதுர செ.மீ.க்கு 0.14 கிலோதான் அழுத்தம். அமெரிக்க வாத்து வேட்டைக்காரர்களும் இப்படி வாளியில்தான் உட்காருகிறார்கள். மூடி நடுவில் குழியும் என்பதால் 12 மி.மீ. பிளைவுட் வட்டம் ஒன்றை மேலே திருகி, அதன்மேல் ஃபோம் ஒட்டுங்கள். வெள்ளை வாளி தூரத்திலேயே பளிச்சென்று தெரியும். பழைய காக்கித் துணியால் உறை தைத்துப் போடுங்கள். முழங்கால் இடித்தால் மேளம்போல ஒலிக்கும், உள்ளே ஒரு துண்டைத் திணித்து வைத்தால் அடங்கும். எழுந்ததும் நேராகத் தூக்கினால் சேறு உறிஞ்சிப் பிடிக்கும். ஒரு பக்கமாகச் சாய்த்துக் காற்றுப் புகவிட்டபின் தூக்குங்கள்.

இரும்புக் குழாய் இருக்கையை உப்புநிலத்துக்குக் கொண்டுபோனால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, கால் மூடிகளைக் கழற்றித் தலைகீழாகக் காயவையுங்கள். துரு உள்ளிருந்துதான் தொடங்கும், வெளியே பெயின்ட் உப்பும்போது குழாய் பாதி போயிருக்கும்.