லைட்வெயிட் ரூஃப்டாப் டென்ட்: எடைய எங்க குறைச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வாங்குங்க

கார் கூரை மேல மாட்டி ஏறிப் படுக்கிற ரூஃப்டாப் டென்ட்னு தேட ஆரம்பிச்சா முதல்ல வந்து நிக்கிறது எல்லாம் 70 கிலோ, 80 கிலோ சமாச்சாரம். பெரிய எஸ்யூவி, பிக்கப் வச்சிருக்கவங்களுக்கு அது ஓகே. சாதா ஹேட்ச்பேக், செடான், குட்டி எஸ்யூவி ஓட்டுறவங்களுக்கு ஆகாது, அதனால இங்க 50 கிலோவும் அதுக்குக் கீழயும் இருக்கிற டென்ட் பத்தி மட்டும்தான் பேச்சு. நான் வச்சிருக்கிறது மடிச்சு துணிக் கவர் போட்டு மூடுற சாஃப்ட்ஷெல், ரெண்டு பேர் சைஸ், ஏணியோட சேத்து 45 கிலோ. கம்பெனி பேர் சொல்லல, கொஞ்சம் திட்டவும் போறேன் அதான். சின்ன வண்டின்னா வேற வழி இல்ல, இதுதான் சரி. ஆனா பெரிய வண்டிய வச்சுக்கிட்டு "லைட்டா இருந்தா நல்லதுதானே"ன்னு இத வாங்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க, முழுசா படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

கார் மேனுவல எடுத்து ரூஃப் லோட்னு என்ன போட்டிருக்குன்னு பாருங்க. அது ஓடுற வண்டிக்கான லிமிட், டைனமிக் லோட்னு சொல்வாங்க. நிறைய சின்ன கார்ல 75 கிலோ இல்ல அதுக்கும் கம்மி, எஸ்யூவின்னா பல வண்டில 100 பக்கம் வரும். இதுல டென்ட் மட்டும் இல்ல, அத மாட்ட கூரைக்கு குறுக்க போடுற க்ராஸ்பாரும் சேர்த்தி, அத நிறைய பேர் மறந்துடுறாங்க, ரெண்டு பாரும் அதோட கால், க்ளாம்ப் எல்லாம் சேந்து 5, 6 கிலோ வந்துடும். பாருக்குன்னு தனியா ஒரு லிமிட் வேற இருக்கு, கூரை 100 தாங்கும்னு இருந்தாலும் பார்ல 75ன்னு போட்டிருந்தா உங்க கணக்கு 75தான். அப்புறம் மண் ரோடு, கல்லு ரோடு. ரைனோ ராக் மாதிரி ரேக் கம்பெனிங்க அதுக்கு சொல்ற கணக்கு, நல்ல ரோட்டுக்கு போட்டிருக்கிற லிமிட்ட 1.5ஆல வகுத்துக்கோங்கன்னு. 75ஐ வகுத்தா 50, அதுல பார் எடை போனா மிச்சம் 44, 45. டென்ட் போடுற இடத்துக்கு போற கடைசி கொஞ்ச தூரம் எப்பவும் கரடுமுரடாத்தான் இருக்கும், அப்போ சின்ன வண்டிக்காரங்களுக்கு 45 கிலோ டென்ட்ங்கிறது ஆடம்பரம் இல்ல, அதுக்கு மேல போகவே முடியாது.

"சரி, டென்ட்டே 45, மேல ரெண்டு பேர் ஏறி படுத்தா 200 கிலோ ஆச்சே, கூரை உக்காந்துடாதா"ன்னு எல்லாரும் கேக்குறாங்க. உக்காராது. ஓடும்போது ப்ரேக், வளைவு, குழின்னு ஒவ்வொண்ணும் அந்த எடைய பல மடங்கா இழுக்கும், அதுக்காகத்தான் டைனமிக் லிமிட்ட அவ்ளோ கம்மியா வச்சிருக்காங்க, நிக்கிற வண்டிக்கு அந்தப் பிரச்சனை இல்ல. உதாரணத்துக்கு சுபாரு கம்பெனி அவங்க 2022 ஃபாரஸ்டர் வில்டர்னஸ் எஸ்யூவிக்கு ரெண்டு நம்பரும் வெளிப்படையா கொடுத்தாங்க, ஓடும்போது 100 கிலோ, நிக்கும்போது 363 கிலோ. எல்லா கம்பெனியும் இப்படி நிக்கிற வண்டிக்கான ஸ்டாடிக் நம்பர் போடுறதில்ல, மேனுவல்ல இல்லன்னா சர்வீஸ் சென்டர்ல எழுத்துல கேட்டு வாங்குங்க. சன்ரூஃப் உள்ள வண்டின்னா கண்டிப்பா கேளுங்க.

இப்போ மெயின் மேட்டர். ஒரு ரூஃப்டாப் டென்ட்ல எடை இருக்கிற இடம் அஞ்சாறுதான்: கீழ பலகை, ஃப்ரேம், துணி, மெத்தை, ஏணி, மேல கவர். ஹார்ட்ஷெல்னா கவருக்கு பதிலா ஃபைபர்கிளாஸோ அலுமினியமோ ஓடு. (இந்த ஓடு டைப் ஒண்ணும் புதுசு இல்ல, இத்தாலில மாஜோலினாங்கிற டென்ட் 1958லயே வந்தாச்சு.) 45 கிலோவுக்கு கொண்டு வரணும்னா இதுல எங்கயாவது கை வச்சே ஆகணும். பலகைய அலுமினியம் தேன்கூடு ஷீட்டுக்கு மாத்தி குறைச்சிருந்தா சந்தோஷம், பலமும் போகல எடையும் போச்சு. ஓடு வேணாம்னு துணிக் கவர் போட்டு குறைச்சிருந்தா, அதுவும் பரவால்ல. அகலத்த குறைச்சிருந்தா, ரெண்டு பேர் ஒட்டிப் படுக்க ரெடின்னா ஓகே. துணியில கை வச்சிருந்தா ராத்திரி தெரியும். ஏணில, கீல்ல கை வச்சிருந்தா வாங்கவே வாங்காதீங்க.

ஏணிய இவ்ளோ பெருசா சொல்றதுக்கு காரணம் இருக்கு. மடிக்கிற டைப் டென்ட்ல பாதி தரை கார் மேல, மீதி பாதி கார விட்டு வெளிய அந்தரத்துல நிக்கும், அந்த பாதிக்கு முட்டு கொடுக்கிறதே ஏணிதான். ஏறி இறங்க மட்டும் இல்ல, ராத்திரி முழுக்க ஒரு ஆளோட எடைய அதுதான் தாங்குது. ஷோரூம்ல பாத்தா ஏணிய முழுசா நீட்டி ஒவ்வொரு லாக்கும் டக்குனு விழுதா, மிதிச்சா வளையுதா, கால் அடில ரப்பர் பெருசா இருக்கான்னு பாருங்க. ஈர மண்ல ஏணி கால் புதைஞ்சுச்சுன்னா தரை சாயும், அதனால நான் ரெண்டு மரப்பலகை துண்டு எப்பவும் டிக்கில வச்சிருக்கேன். சின்ன கார்ல ஒரு லாபம் என்னன்னா கூரையே தாழ்வா இருக்கும், ஏணியும் குட்டை, நடுராத்திரி பாத்ரூம் போக இறங்குறது பெரிய எஸ்யூவில இறங்குறத விட எவ்வளவோ மேல்.

துணிக்கு வருவோம், எனக்கு பெரிய புகார் இங்கதான். கனமான டென்ட்ல வர்றது பாலிகாட்டன் கேன்வாஸ், 280 ஜிஎஸ்எம் வாக்குல, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 280 கிராம். பருத்தி கலந்ததால கொஞ்சம் மூச்சு விடும், நனைஞ்சா நூல் உப்பி தையல் ஓட்டை அடைஞ்சுக்கும், அதனாலதான் புதுசுல ஒரு தடவ நல்லா நனைச்சு காய வைக்க சொல்வாங்க. லைட் டென்ட்ல பெரும்பாலும் மெல்லிசு பாலியஸ்டர், மேல தண்ணி புகாத பியு (பாலியூரிதேன்) கோட்டிங். தண்ணி உள்ள வராது, என்னோடது பெரிய மழைலயும் சொட்டல, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா காத்து அடிச்சா விடிய விடிய படபடபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், கொடிக்கம்பத்து உச்சில படுத்த மாதிரி. வண்டி மூக்க காத்து வர்ற பக்கம் திருப்பி நிறுத்தி, மேல மழைக்கு விரிக்கிற ரெயின்ஃப்ளைய கம்பி போட்டு இழுத்துக் கட்டினா பாதி குறையும், மீதி பாதிக்கு காதுல பஞ்சுதான்.

மூச்சு விடாத துணிங்கிறதால உள்பக்கம் வேர்த்துக் கொட்டும். ரெண்டு பேரோட மூச்சுல இருக்கிற ஈரமே போதும், காலைல சுவர தொட்டா கை நனையும். குளுருதுன்னு எல்லா ஜன்னலையும் மூடுறவங்க டென்ட் லீக் ஆகுதுன்னு ரிவ்யூல எழுதிடுறாங்க, பாதி கேஸ்ல அது லீக்கே இல்ல. எதிரெதிரா ரெண்டு ஜன்னல மேல் பக்கம் கொஞ்சம் திறந்து வச்சிருங்க. மெத்தைக்கு அடியில வேற ஈரம் கோக்கும், கண்ணுக்கு தெரியாது, அப்படியே விட்டா பூசணம் பிடிக்கும். அதுக்குன்னு முப்பரிமாண நெட் மாதிரி ஒரு மேட் கிடைக்குது, மெத்தை அடியில விரிச்சா காத்து ஓடும். கனமான டென்ட் சிலதுல அது கூடவே வருது, லைட் டென்ட்ல பெரும்பாலும் தனியாத்தான் வாங்கணும், அத வாங்கின அப்புறம் "45 கிலோ" 46, 47 ஆயிடும், கணக்குல வச்சுக்கோங்க. அடுப்பு, கரி, கேஸ் ஹீட்டர் எதையும் உள்ள கொண்டு போகாதீங்க, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆள கொல்லும், மெல்லிசு துணி தீ பிடிச்சா ஏணி வழியா இறங்கவும் நேரம் இருக்காது.

மெத்தை 5 சென்டிமீட்டர் ஃபோம். மல்லாந்து படுக்கிறவங்களுக்கு போதும், ஒருக்களிச்சு படுத்தா இடுப்பு எலும்பு பலகையில இடிக்கும். இத மாத்திக்கலாம், காத்தடிக்கிற மெத்தை நல்லதா ஒண்ணு போட்டா எடையும் கம்மி, தூக்கமும் நல்லா வரும், அதனால மெத்தைய வச்சு எந்த டென்ட்டையும் நான் ஒதுக்க மாட்டேன். தலகாணி, போர்வைய உள்ளயே வச்சு மூடலாம்னு நினைக்காதீங்க, மூடவும் மூடாது, மூடினாலும் ஜிப் இழுத்துக்கிட்டே நிக்கும்.

விரிக்கிறது நிஜமாவே ஈஸி. கவர் ஜிப்ப கழட்டி, பெல்ட்ட அவுத்து, ஏணிய நீட்டி அதையே நெம்புகோலா பிடிச்சு இழுத்தா டென்ட் விரிஞ்சுடும், அப்புறம் ஜன்னல் கம்பி மாட்டினா வேலை முடிஞ்சுது, பத்து நிமிஷத்துக்குள்ள ஒரே ஆள் பண்ணிடலாம். மடிக்கிறதுதான் பாடு. துணிய நாலு பக்கமும் உள்ள தள்ளிக்கிட்டே மடிக்கணும், ஒரு பக்கம் தள்ளினா இன்னொரு பக்கம் பிதுங்கும், கடைசில அந்த கவர் ஜிப், கார சுத்தி சுத்தி வந்து எக்கி எக்கி இழுக்கணும். டிக்கி கதவ தூக்குற மாதிரி கேஸ் ஸ்ட்ரட் வச்ச ஹார்ட்ஷெல் வச்சிருக்கவங்க அதுக்குள்ள மடிச்சு மூடிட்டு காபி குடிச்சுட்டு இருப்பாங்க, பாக்கவே எரிச்சலா இருக்கும்.

பேர் சொல்லி ஒப்பிடணும்னா, ஃப்ரன்ட் ரன்னர் சாஃப்ட்ஷெல் 43 கிலோ, இந்த வகையில ரொம்ப நாளா பேர் அடிபடுறது. தூலே ஃபுட்ஹில் 49 கிலோ சுமார், ஆனா அதோட விஷயமே வேற, மடிச்சா கூரையில பாதி அகலம்தான் எடுக்கும், மறு பாதில சைக்கிளோ கயாக்கோ ஏத்தலாம். அப்படி ஏத்துறதும் அதே 75க்குள்ள, 100க்குள்ள அடங்கணும்னு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஐகேம்பர் ஸ்கைகேம்ப் மாதிரி நாலு பேர் படுக்கிற ஹார்ட்ஷெல் எல்லாம் 70 கிலோவுக்கு மேல. உங்க வண்டியும் பாரும் 100 கிலோ தாங்கும்னா, 55, 60 கிலோல நல்ல கேன்வாஸ் துணியோட வர்றத பாருங்க. அந்த கூடுதல் 10, 15 கிலோ கூரைக்கு ஒண்ணும் பெருசில்ல, ராத்திரி தூக்கத்துக்கு பெருசு.

எடை குறைச்சதோட நிஜமான சுகம் ரோட்டுல தெரியல எனக்கு, வீட்டுல தெரிஞ்சுது. வளைவுல வண்டி கொஞ்சம் சாயுறது, ப்ரேக் அடிச்சா நிக்க நேரம் எடுக்கிறது எல்லாம் 45லயும் இருக்கு, 60ல இன்னும் கொஞ்சம் இருக்கும், அவ்ளோதான். மைலேஜ் அடி வாங்குறது எடையால இல்ல, காத்துல முட்டுறதால. அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈபிஏ, கார் கூரை மேல மாட்டுற சாமான் பெட்டிக்கு கொடுக்கிற கணக்குப்படி ஹைவேல 6 முதல் 17 சதவீதம், மணிக்கு 105, 120 கிலோமீட்டர்ல பறந்தா 10 முதல் 25 சதவீதம் வரைக்கும் மைலேஜ் குறையும். அது பெட்டிக்கான கணக்கு, ஆனா மடிச்ச டென்ட்டும் மேல மொட்டையா உக்காந்திருக்கிற ஒரு பெட்டிதானே. அதனால யூஸ் பண்ணாதப்போ இறக்கி வைக்கணும், அங்கதான் 45 கிலோ ஜெயிக்குது. ரெண்டு பேர் இருந்தா ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு ஏத்தி இறக்கிடலாம், 70 கிலோ டென்ட்டுக்கு கப்பி கட்டணும், இல்ல நாலு பேர கூப்பிடணும், கடைசில சோம்பேறித்தனத்துல வருஷம் முழுக்க மேலயே விட்டு வெயில்ல துணி வெளுத்து போயிடும்.

இறக்கி வைக்கும்போது ஈரத்தோட வைக்காதீங்க. மழைல மடிச்சு கொண்டு வந்தா வீட்டுக்கு வந்த உடனே, முடியலன்னா மறுநாளாவது விரிச்சு நல்லா காய விட்டுட்டுதான் மூடணும். மாட்டின புதுசுல கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தி எல்லா நட்டையும் ஒரு தடவ முறுக்கி பாருங்க, அதிர்வுல லூஸ் ஆகும். பேஸ்மென்ட் பார்க்கிங் போறவங்க டென்ட்டோட மொத்த உயரத்த அளந்து ஸ்டீயரிங் பக்கத்துல ஒட்டி வச்சுக்கோங்க. வாங்குறதுக்கு முன்னாடி டிக்கி கதவ முழுசா தூக்கி பாருங்க, சின்ன ஹேட்ச்பேக்ல அது டென்ட்ல போய் இடிக்கும்.

முட்டி வலி இருக்கவங்க, ரொம்ப சின்ன குழந்தைங்க, பெரிய நாய் எல்லாம் வச்சிருக்கவங்களுக்கு இது வேணாம், தரையில போடுற டென்ட் பத்துல ஒரு பங்கு எடைல கிடைக்குது, கொஞ்சம் பெருசா வாங்கினா உள்ள நிமிர்ந்து நிக்கவும் செய்யலாம். ஒரே இடத்துல ரெண்டு மூணு நாள் தங்கி கார எடுத்துட்டு சுத்துறவங்களுக்கும் சரிப்படாது, பால் வாங்க போகணும்னாலும் வீட்டையே மடிக்கணும். தினம் ஒரு இடம்னு நகர்ந்துக்கிட்டே இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் இந்த செலவுக்கு அர்த்தம் இருக்கு.

என் டென்ட்ல இப்போதைக்கு உடைஞ்சது கவர் ஜிப் மட்டும். பல்லு ஒரு ஓரத்துல பிரிஞ்சு போச்சு, கம்பெனிக்கு எழுதினா கவர் தனியா விக்கிறதில்லன்னு பதில் வந்துது, கடைசில கார் சீட் தைக்கிறவர்கிட்ட கொடுத்து பெரிய பல் ஜிப்பா மாத்தினேன், ஒரிஜினல விட நல்லா ஓடுது. நீங்க வாங்கும்போது கவர், ஏணி, ஜன்னல் கம்பி மூணும் ஸ்பேர் பார்ட்டா கிடைக்குமான்னு முதல்லயே கேட்டுடுங்க.