ஸ்பானிஷ் படிக்க வலென்சியாவா, மாலகாவா, காதிஸா? மொரீஷியஸ்ல இருந்து கெளம்புறவங்களுக்கு

நம்ம ஊர்ல ஹோட்டல், டூரிசம் லைன்ல இருக்குற பசங்க நெறைய பேருக்கு இப்ப ஸ்பானிஷ் மேல ஒரு கண்ணு. கிரியோல், ஃபிரெஞ்ச், இங்கிலீஷ் இங்க எல்லாருக்கும் வரும், அதுக்கு மேல ஒண்ணு கையில இருந்தாதான் ரிசெப்ஷன்ல தனியா தெரிவோம், அதனால ரெண்டு மூணு மாசம் ஸ்பெயின்ல ஒரு கடலோர ஊரா பாத்து இன்டென்சிவ் கோர்ஸ் போட்டுட்டு வரலாமான்னு கேக்குறாங்க. நான் படிச்சது மாலகால, தங்கச்சி வலென்சியால, நாத்தனார் பொண்ணு காதிஸ்ல. மூணு பேரும் பேசி வச்சத இங்க எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு, கடலைப் பாத்து ஊரை முடிவு பண்ணாதீங்க. ஃப்ளிக்-என்-ஃப்ளாக்லயும் ப்ளூ பேலயும் குளிச்சு வளந்தவங்களுக்கு அங்க இருக்குற கடல் சில்லுன்னுதான் இருக்கும். கிளாஸ் முடிஞ்சு மதியம் வெளிய வர்றப்ப அந்த ஊர் உங்கள ஸ்பானிஷ்ல பேச விடுதா, அதைத்தான் பாக்கணும். நமக்கு இங்கிலீஷும் ஃபிரெஞ்சும் சரளமா வர்றதால எதிர்ல இருக்குறவங்க சட்டுனு அதுக்கு மாறிடுவாங்க, நாமளும் சௌகரியமா மாறிடுவோம், அப்புறம் அவ்வளவு செலவு பண்ணிப் போனதுக்கு என்ன அர்த்தம்? ஒரு யூரோ அம்பது மொரீஷியஸ் ரூபாய்க்கு மேல போகுது, ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்.

பார்சிலோனாவ சீக்கிரம் முடிச்சிடுறேன். ஊர் அழகுதான், ஆனா வாடகை எக்கச்சக்கம், போர்டுல இருந்து கவர்மென்ட் ஆபீஸ் வரைக்கும் காட்டலன்னு அந்தப் பக்கத்து மொழி, சுத்தி டூரிஸ்ட் கூட்டம். படிக்கப் போறவங்களுக்கு வேணாம்.

வலென்சியால பேச்சு தெளிவா காதுல விழும், புதுசா படிக்கிறவங்களுக்கு இது பெரிய விஷயம். அங்கயும் வலென்சியன்னு இன்னொரு ஆட்சி மொழி இருக்கு, தெருப் பேர்லயும் மெட்ரோ அறிவிப்புலயும் வரும், ஆனா நகரத்துக்குள்ள கடையில, பஸ்ல பெரும்பாலும் ஸ்பானிஷ்தான். 1957ல வெள்ளம் வந்து ஊரே மூழ்கினதுக்கு அப்புறம் துரியா ஆத்தை ஊருக்குத் தெக்கால திருப்பி விட்டுட்டாங்க, பழைய ஆத்துப் படுகை இப்ப நீளமான பூங்கா, கிளாஸ் விட்டதும் வாடகை சைக்கிள் எடுத்துட்டு அதுக்குள்ளயே தங்கச்சி தினம் போவா, இல்லன்னா ட்ராம் ஏறினா மல்வரோசா பீச். ஆகஸ்ட், செப்டம்பர்ல தண்ணியும் மாலகாவ விட வெதுவெதுப்பு, ஏன்னா மாலகா பக்கம் அட்லாண்டிக் தண்ணி ஜிப்ரால்டர் வழியா உள்ள வருது. குறைன்னு சொன்னா வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ் ஏராளம், ஃபிரெஞ்சுக்காரங்களும் நெறைய, அவங்க கூட சேந்தா போச்சு. மார்ச் மாசம் ஃபாயாஸ் திருவிழா, மெயின் நாட்கள் 15ல இருந்து 19 வரைக்கும், ஊர் முழுக்க ராப்பகலா வெடி, ரூம் கிடைக்காது, படிப்பும் ஓடாது. திருவிழா பாக்கணும்னா போங்க, படிக்கணும்னா அந்த மாசத்தை விட்ருங்க.

மாலகா என் ஊர் மாதிரி ஆயிடுச்சு, அதனால கொஞ்சம் கூடுதலா சொல்லுவேன். பழைய டவுன்ல, பிக்காசோ மியூசியம் பக்கமெல்லாம், நீங்க ஸ்பானிஷ்ல காபி கேட்டா இங்கிலீஷ்ல பதில் வரும், அந்தக் கடற்கரை முழுக்க பிரிட்டிஷ், ஜெர்மன் ஆளுங்க வந்து தங்குற எடம். அதனால சென்டர்ல தங்காம கிழக்கால பெத்ரெகலேஹோ, எல் பாலோ பக்கம் ரூம் எடுங்க, மீனவர் குடியிருப்பா இருந்த ஏரியா. மணல் நெரப்பின பழைய படகு ஒண்ணு பீச் ஓரமா நிக்கும், அதுல வெறகு எரியும், மூங்கில் குச்சியில மத்தி மீனை வரிசையா கோத்து நெருப்புக்குப் பக்கத்துல சாய்ச்சுக் குத்தி வைப்பாங்க, கல்லு உப்பு மட்டும்தான், மேல் தோல் கருகி எண்ணெய் சொட்டுறப்ப எடுத்துத் தட்டுல போடுவாங்க. அந்த ஆள்கிட்ட காத்து எந்தப் பக்கம் அடிக்குது, இன்னிக்கு மீன் எப்படின்னு பேசிப் பேசித்தான் எனக்கு பாஸ்ட் டென்ஸே வந்துச்சு. ஆனா அவங்க வார்த்தை கடைசியில வர்ற 'ஸ்'ஸ முழுங்கிடுவாங்க, டீச்சர் பேசுறது புரியும், தெருவுல பேசுறது மொதல் சில வாரம் தலகீழா நின்னாலும் புரியாது. குளிர்காலத்துல போறவங்களுக்கு இது இதமான ஊர், இருந்தாலும் பல வீட்டுல ஹீட்டர் கெடையாது, ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க.

காதிஸ் சின்ன ஊர், பழைய டவுனைச் சுத்தி கடல்தான். லா கலேத்தா பீச் ரெண்டு கோட்டைக்கு நடுவுல இருக்கு, சாயங்காலம் பாட்டிமாருங்க நாற்காலி கொண்டு வந்து போட்டு உக்காந்து அரட்டை அடிப்பாங்க, நீங்க பக்கத்துல உக்காந்தா உங்க கதையும் கேப்பாங்க. இங்கிலீஷுக்கு ஓடி ஒளிய எடமே இல்ல, அதுதான் அந்த ஊரோட பலம். ஆனா மாலகாவ விட வேகம், உச்சரிப்பும் கடினம், ஒண்ணுமே தெரியாம போய் இறங்கினா நொந்து போயிடுவீங்க. ஏ2, அதாவது அடிப்படைப் பேச்சு வர்ற ரெண்டாவது லெவல், முடிச்சவங்க தைரியமா போகலாம். லெவாந்தேன்னு ஒரு கிழக்குக் காத்து அடிக்க ஆரம்பிச்சா பீச்சுல உக்கார முடியாது, மணல் மூஞ்சில அறையும். ஏர்போர்ட்டும் ஊர்ல இல்ல, ஹெரெஸ் இல்லன்னா செவில்ல இறங்கி ரயில்ல வரணும்.

இன்னொரு விஷயம், நம்ம தமிழ் இதுக்கு நல்லாவே உதவுது. 'எனக்குப் பிடிக்கும்'னு நாம சொல்ற அமைப்பிலயேதான் ஸ்பானிஷ்லயும் சொல்றாங்க, வினையோட கடைசியைப் பாத்தாலே யார் செஞ்சாங்கன்னு தெரியும், நான் நீன்னு தனியா சொல்ல வேண்டாம். ஃபிரெஞ்ச் வழியா யோசிக்கிறத விட தமிழ் வழியா யோசிச்சா சில எடத்துல சட்டுனு பிடிபடும்.

சைவம் சாப்பிடுறவங்க, காவடி விரதம் இருக்குறவங்க, ஹோம்ஸ்டே எடுக்குறப்பவே எழுதிச் சொல்லிடுங்க. பருப்புக் குழம்புன்னு ஆசையா எடுத்தா உள்ள பன்னி சாசேஜ் கெடக்கும். ராத்திரி சாப்பாடு ஒம்போது மணிக்கு மேலதான்.

விசா பத்தி: மொரீஷியஸ் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் ஏரியால, அதாவது ஸ்பெயின், ஃபிரான்ஸ் மாதிரி எல்லைச் சோதனை இல்லாம சேந்திருக்குற ஐரோப்பிய நாடுகள்ல, 180 நாளுக்குள்ள 90 நாள் வரைக்கும் விசா வேணாம், ஆனா வேலை பாக்கக் கூடாது, போற வழியில பாரிஸ்ல சித்தப்பா வீட்டுல தங்குற நாளும் அந்த 90லதான் சேரும். ரியூனியன்ல இருக்குற சொந்தக்காரங்க ஃபிரெஞ்ச் பாஸ்போர்ட் வச்சிருந்தா அவங்களுக்கு இந்தக் கணக்கே இல்ல.

என் ஓட்டு, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு மொத ரெண்டு மாசம் வலென்சியா, கடைசி மாசம் காதிஸ். வாரம் 20 கிளாஸ் போதும், 30 போட்டா மதியம் வெளிய பேசவே நேரம் இருக்காது. ஸ்பானிஷ் மொழியப் பரப்புற ஸ்பெயின் அரசு நிறுவனம் இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸ், அவங்க அங்கீகாரம் இருக்குற ஸ்கூலா பாருங்க. செப்டம்பர் ஆரம்பத்துல போனா வெயிலும் கொறஞ்சிருக்கும், நவம்பர்ல நடக்குற டெலேங்குற (DELE) ஸ்பானிஷ் மொழிப் பரீட்சையை எழுதிட்டே திரும்பலாம், அந்த சர்டிஃபிகேட்டுக்கு காலாவதி கெடையாது, சியெலேன்னு (SIELE) இன்னொரு பரீட்சை இருக்கு, அதுன்னா 5 வருஷம்தான். டெலேக்கு பதிவு பரீட்சைக்குப் பல வாரம் முன்னாடியே மூடிடும், அதனால டிக்கெட் போடுறப்பவே பரீட்சைத் தேதியையும் பாத்து, எந்த லெவல்னு ஸ்கூல்ல கேட்டுப் பதிஞ்சிடுங்க.