தரங்கம்பாடிக்குக் கார் பேசிப் போகிறவர்கள் கவனிக்கவும்

அப்பாவுக்கு 72 வயது. கும்பகோணத்தில் ஒரு அச்சகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த கை. தரங்கம்பாடியை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 1706-இல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியிலிருந்து வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரிதாக இருந்ததால் இங்கேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள் என்று அப்பா சொல்லச் சொல்ல எனக்கே ஆசை வந்துவிட்டது.

சரி, வயதானவர்களை பஸ்ஸில் அலைக்கழிக்க வேண்டாம் என்று ஒரு டிராவல்ஸில் கார் பேசினேன். தரங்கம்பாடி, திருக்கடையூர், பூம்புகார் மூன்றும் ஒரே நாளில், கோட்டைக்குள் போவது, கைடு எல்லாம் சேர்த்து 5,500 ரூபாய். முன்பணம் 2,000. "வெள்ளிக்கிழமை வாங்கக்கா, கூட்டம் இருக்காது" என்றார் டிராவல்ஸ்காரர். நானும் நம்பினேன்.

கூட்டம் இல்லாததன் காரணம் டேனிஷ் கோட்டை வாசலில்தான் தெரிந்தது. அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை; அதன் பூட்டிய கதவுக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் வெயிலில் நின்றார்கள். வாரத்துக்கு நாலு வண்டி அனுப்புகிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்? போன் செய்தேன். "அப்படியாக்கா, மாத்திட்டாங்க போல" என்றார். இல்லை, எதையும் மாற்றவில்லை என்று பக்கத்தில் இளநீர் விற்ற அம்மா சொன்னார்.

அப்புறம் அந்த "கைடு" வந்தார். டிரைவருக்குத் தெரிந்த ஒரு பையன்தான். மாசிலாமணிநாதர் கோயிலைக் காட்டி, ராஜராஜ சோழன் கட்டியது என்றார். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கோயில் அது; அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. உலகத்திலேயே முதல் தமிழ்ப் புத்தகம் அச்சானது இந்த ஊரில்தான் என்றும் சொன்னார். அப்பா மெதுவாக, "தம்பி, 1578-லேயே கொல்லத்துல தம்பிரான் வணக்கம் அச்சாயிடுச்சு" என்றார். அந்தப் பையன், "பெரியவருக்கு வயசாயிடுச்சு, குழப்பிக்கிறாரு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பணம் போனதைவிட இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சீகன்பால்கு இருந்த வீட்டுக்கு அழைத்துப்போகச் சொன்னோம். அது இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. "அதுவும் இன்னிக்கு லீவு" என்று சொல்லிவிட்டு, நேராக ஒரு சங்கு, பாசிமணிக் கடைக்குக் கூட்டிப்போனார். முக்கால் மணி நேரம் அங்கே. வெளியே வந்ததும் தனக்குத் தனியாக 700 ரூபாய் வேண்டும் என்று நின்றார். கைடு காசு சேர்த்துத்தானே பேசினோம் என்றால், "அது ஆபீஸ் கணக்கு" என்கிறார். நடுத்தெருவில் அம்மா சங்கடப்பட்டதால் கொடுத்துத் தொலைத்தேன்.

திருக்கடையூர் போய்ச் சேரும்போது நடை சாத்திவிட்டார்கள். நாலு மணி வரை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்தார் டிரைவர். அங்கே ஒருவர் வந்து, அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, எழுபது வயதுக்கான பீமரத சாந்திச் சடங்கை உடனே செய்யவில்லை என்றால் நல்லதில்லை என்று அம்மாவைப் பயமுறுத்த ஆரம்பித்தார். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. யாராவது இப்படி வந்து பேசினால் எழுந்து கோயில் அலுவலகத்துக்கே போய்க் கேளுங்கள். பூம்புகாருக்குப் போகும்போது நன்றாக இருட்டிவிட்டது. சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

பதினோரு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை நானும் அப்பாவும் மட்டும் பஸ்ஸில் போனோம். மயிலாடுதுறையில் மாறி, பொறையார் பஸ்ஸில் ஏறி தரங்கம்பாடியில் இறங்கினோம். நகர வாயிலுக்குள் நுழைந்தால் ஒரே தெருதான். கோட்டை, தேவாலயங்கள், சீகன்பால்கு வீடு எல்லாம் நிதானமாக நடந்தே பார்த்துவிடலாம். கைடே தேவையில்லை. நாங்கள் முதலில் போன வெள்ளிக்கிழமை பற்றி அந்த வீட்டில் விசாரித்தேன். திறந்துதான் இருந்ததாம்.

நீங்கள் கார் பேசினால், எந்தெந்த இடம் எத்தனை மணிக்கு என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கைடு காசு யாருக்கு, எவ்வளவு என்பதையும் அதிலேயே கேளுங்கள். எழுத்தில் தர மறுப்பவருக்கு முன்பணம் போடாதீர்கள். நான் வாய்ப்பேச்சோடு விட்டதால், மீதிப் பணத்தில் குறைத்துக்கொள்ளச் சொன்னபோது கையில் காட்ட எதுவும் இல்லை. முழுசாக வாங்கிக்கொண்டுதான் சாவியைத் திருகினார் டிரைவர். டிராவல்ஸ்காரர் இப்போது என் நம்பரை எடுப்பதே இல்லை.

புது எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்குவின் கல்லறைக்கு முன்னால் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பும் வழியில், பொறையார் பக்கம் கடுதாசிப்பட்டறை என்று ஓர் ஊர் இருக்கிறது, அந்தக் காலத்தில் அங்கேதான் காகிதம் செய்தார்கள், அடுத்த தடவை அங்கேயும் போகணும் என்றார்.